எந்தப் பாடத்தை மேஜராக எடுத்தால் பின்னால் வழி அடைபடாது?

பள்ளிகொண்டா பொண்ணு

எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் டூ ரிசல்ட் வந்து எட்டு நாள் ஆகிறது, வீட்டில் இன்னும் ஒரு முடிவும் ஆகவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், முதல் குரூப். மொத்தம் 518. கணக்கு 94, இயற்பியல் 86, வேதியியல் 84, உயிரியல் 85. மொழிப்பாடம் போக 400க்கு 349, இன்ஜினியரிங் கட்ஆஃப் 179 வருகிறது. நீட் எழுதவில்லை, டாக்டர் ஆசை எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

அம்மா ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஒட்டும் பிரிவில் இருக்கிறார். காலை ஆறரைக்கு மெயின் ரோட்டில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. சோப்பு போட்டுத் தேய்த்தாலும் அவர் விரலில் இருந்து அந்த சொல்யூஷன் வாசனை போகாது. நேற்று ராத்திரி என் மார்க் ஷீட்டைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார், படிக்கத் தெரியாது என்றாலும் நம்பர் தெரியும், அப்புறம் சொன்னார், "எதை வேணா படி, ஆனா பாதியில மாட்டிக்கிற மாதிரி எதையும் எடுக்காதே." அதுதான் என் கேள்வியும்.

ஏன் இந்தப் பயம் என்றால், பெரியம்மா மகள் ஒரு தனியார் கல்லூரியில் நீளமான பெயருள்ள ஒரு பி.எஸ்சி. படித்தாள். சேரும்போது அந்தப் படிப்புக்கு அப்படி வேலை இப்படி வேலை என்றார்கள். இப்போது பி.எட். போகலாம் என்று பார்த்தால் அந்தப் பட்டத்துக்கு இடம் இல்லை, எம்.எஸ்சி. போகவும் இரண்டு மூன்று இடங்களில்தான் எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று வருடம் நன்றாகத்தான் படித்தாள், அவள் மேல் தப்பே இல்லை.

மாமா நர்சிங் என்கிறார். நைனாவின் நண்பர் ஒருவர் ஏ.ஐ. படிக்க வை என்கிறார். எங்கள் கணக்கு டீச்சர் பி.எஸ்சி. கணிதம் என்கிறார். எனக்குக் கணக்கு பிடிக்கும், எழுதவும் பிடிக்கும், பள்ளி ஆண்டு மலரில் இரண்டு முறை கட்டுரை வந்திருக்கிறது. ஆனால் என்ன வேலைக்குப் போகப் போகிறேன் என்று கேட்டால் உண்மையாகவே தெரியாது. என்னென்ன வேலை இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாதபோது எப்படி இப்போதே ஒன்றைச் சொல்வது? மூன்று வருடம் கழித்து எந்தப் பக்கமும் திரும்பலாம் என்று இருக்கிற மாதிரி ஒரு மேஜர் எது? வேலூர் பக்கமே படிக்க வேண்டும், ஹாஸ்டல் செலவு முடியாது. அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்கள்.

ஓட்டேரி கணக்கு

தங்கச்சி, நீ கேட்ட இதே கேள்வி எனக்கு 2009ல் இருந்தது, கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. ஓட்டேரி முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் படித்தேன், பிறகு எம்.சி.ஏ., இப்போது சென்னையில் மென்பொருள் வேலை. சனிக்கிழமை வந்தால் காட்பாடியில் இறங்கிவிடுவேன்.

முதலில் ஒரு விஷயம், இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு பட்டியல் வாசிப்பார்கள். இதைப் படித்தால் குரூப் 2 எழுதலாம், பேங்க் ஆபீசர் ஆகலாம், யு.பி.எஸ்.சி. எழுதலாம், எம்.பி.ஏ. போகலாம், வக்கீலுக்குப் படிக்கலாம் என்று. இதெல்லாம் எந்தப் பட்டம் இருந்தாலும் கிடைக்கிற வழி. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2 இரண்டுக்கும் ஏதோ ஒரு டிகிரி போதும். காட்பாடியில் இருக்கிற அரசு சட்டக் கல்லூரியில் மூன்று வருட எல்.எல்.பி. சேரவும் அப்படித்தான், இதழியல் முதுகலைக்கும் அப்படித்தான். ஆகவே இரண்டு மேஜரை ஒப்பிடும்போது இந்தப் பொது வழிகளை எல்லாம் தூக்கி ஓரமாக வைத்துவிடு, அவை எங்கேயும் போகாது. "இந்தப் பாடம் படித்திருந்தால்தான் உள்ளே வரலாம்" என்று சொல்கிற இடங்களை மட்டும் எண்ணிப் பார். அப்போதுதான் வித்தியாசம் தெரியும்.

அப்படி எண்ணினால் கணிதத்துக்கு நிறைய வருகிறது. பி.எட். முடித்தால் பள்ளி ஆசிரியர். எம்.எஸ்சி. கணிதம், அதிலிருந்து புள்ளியியல், டேட்டா சயின்ஸ். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர ஜாம் என்று ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது, கணிதம், கணிதப் புள்ளியியல் இரண்டும் அதில் தனித்தனித் தாள். சிறுசேரியில் இருக்கிற சென்னை கணிதவியல் கழகம் இருக்கிறது. பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்தால் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு எழுதலாம். வனத்துறை அதிகாரி ஆகிற இந்திய வனப் பணிக்குக்கூடத் தாவரவியல், விலங்கியல் மாதிரி கணிதமும் ஏற்றுக்கொள்ளப்பட்ட பாடம், பல பேருக்கு இது தெரியாது. விப்ரோ மாதிரி நிறுவனம் பி.சி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்களை எடுத்து வேலை பார்த்துக்கொண்டே எம்.டெக். படிக்க வைக்கிறது, அதில் கணிதமும் சேர்த்தி.

எங்கள் ஊரில் ஏரி மேட்டில் இருக்கும், மதகைத் திறந்தால் எந்தக் கழனிக்கும் தண்ணீர் திருப்பலாம், கழனித் தண்ணீரை ஏரிக்கு ஏற்ற முடியாது. கணக்கு எனக்கு அப்படித்தான் பயன்பட்டது. கணக்கில் இருந்து கம்ப்யூட்டருக்கு வந்தேன், என்னோடு படித்தவள் வங்கிக்குப் போனாள், இன்னொருத்தி பொருளாதாரத்தில் முதுகலை சேர்ந்தாள். வேறு பாடத்தில் மூன்று வருடம் இருந்துவிட்டு இருபத்தொரு வயதில் கணக்குக்குத் திரும்பி வந்தவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. காலேஜ் கணக்கு பள்ளிக்கூடக் கணக்கு இல்லை. பள்ளியில் ஃபார்முலா தெரிந்தால் மார்க் வந்துவிடும். இங்கே "நிரூபி" என்பார்கள். முதல் முதலில் எப்சிலான், டெல்டா என்று இரண்டு சின்ன எண்களை வைத்து ஒரு லிமிட்டை நிரூபிக்கச் சொன்ன அன்று, பிளஸ் டூ கணக்கில் 200க்கு 190க்கு மேல் வாங்கிய நான் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், பாகாயம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். இரண்டு மாதம் ஆனது. அதே கணக்கைத் திரும்பத் திரும்ப எழுதி, ஒவ்வொரு வரிக்கும் "இது எங்கேயிருந்து வந்தது" என்று ஓரத்தில் தமிழில் குறித்து வைத்தேன், அப்புறம்தான் பிடிபட்டது. உனக்கு இந்த மாதிரிக் கணக்கு பிடிக்குமா என்று சேருவதற்கு முன்பே பார்த்துக்கொள். யாராவது சீனியரிடம் முதல் செமஸ்டர் வினாத்தாள் வாங்கிப் பார், விடை தெரிய வேண்டாம், கேள்வியைப் படித்தால் ஆர்வம் வருகிறதா, எரிச்சல் வருகிறதா என்று மட்டும் கவனி.

சேண்பாக்கம் வாத்தியார்

மேலே சொன்ன பெரியம்மா மகள் கதை என் கதையும்தான், அதனால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மா, படிப்பின் பெயரைப் பார்த்துச் சேர். பெயர் எவ்வளவு சாதாரணமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், வரலாறு, தமிழ், ஆங்கிலம், வணிகவியல், இந்த மாதிரி நூறு வருடமாக இருக்கிற பெயர்களை எந்த அலுவலகத்திலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அப்ளைடு, இன்டஸ்ட்ரியல், "வித்" என்று ஒட்டுப் பெயர் வந்தால் அரசு வேலைக்கு இணைத்தன்மை கேட்பார்கள். எந்தப் பட்டம் எதற்கு இணை, எது இணை இல்லை என்று உயர்கல்வித் துறை அரசாணை போடும். உன் பட்டம் அதில் "இணை" என்று இருந்தால் சரி, "இணை இல்லை" என்று இருந்தாலோ பெயரே இல்லாமல் இருந்தாலோ அலைச்சல்தான்.

நான் இயற்பியலோடு வேறொன்று சேர்ந்த ஒரு பட்டம் வாங்கினேன். பாடத்திட்டத்தில் பெரும்பகுதி இயற்பியல்தான். தேர்வில் மார்க் எடுத்துச் சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போனபோது, எதிரில் இருந்தவர் என் பட்டச் சான்றிதழில் அந்த இரண்டாவது வார்த்தை மேல் பேனாவை வைத்து நிறுத்தினார். "இதுக்கு ஆர்டர் இருக்கா?" அவ்வளவுதான். ஆறு மாதம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். கடைசியில் கிடைத்தது, ஆனால் அந்த வருடம் போனது போனதுதான், என்னைவிட மார்க் குறைந்தவர்கள் எனக்கு சீனியர் ஆனார்கள்.

ஆசிரியர் வேலை பற்றி யோசனை இருந்தால் இன்னொன்றும் கவனி. மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆக இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும். நடுவில் பாடம் மாறினால் அந்த வாசல் சாத்திக்கொள்ளும். வணிகவியலோ பொருளாதாரமோ எடுத்தால் இளங்கலையோடு பி.எட். சேர முடியாது, முதுகலை முடித்துத்தான் சேரலாம், இரண்டு வருடம் கூடுதல். இதையெல்லாம் அட்மிஷன் சமயத்தில் யாரும் சொல்வதில்லை, பிள்ளைகளும் கேட்பதில்லை, பதினேழு வயதில் எப்படிக் கேட்கத் தோன்றும்?

கல்லூரிக்குப் போகும்போது ஆபீஸில் இரண்டு கேள்வி மட்டும் கேள்: "பட்டத்தில் என்ன பெயர் அச்சாகும்? அதற்கு இணைத்தன்மை அரசாணை எண் என்ன?" எண்ணைச் சொன்னால் குறித்துக்கொண்டு வா. "அதெல்லாம் செல்லும்மா" என்று மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடு.

சிப்காட் ஷிப்ட்

எல்லோரும் பி.எஸ்சி. என்கிறீர்கள், சரி. ஆனால் 179 கட்ஆஃப் வைத்திருக்கிற பிள்ளையை இன்ஜினியரிங் பக்கம் பார்க்காமலே அனுப்பக் கூடாது.

தங்கச்சி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உனக்கு உண்டு. 2021ல் இருந்து இன்ஜினியரிங்கிலும் இருக்கிறது. அதில் இடம் வாங்கினால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது, தனியார் கல்லூரியாக இருந்தாலும். இது பொதுப் பட்டியலுக்கு வெளியே தனிப் பட்டியல், ஆகவே 179க்குப் பொதுவில் கிடைப்பதைவிட நல்ல இடம் பார்க்கலாம். பாகாயத்தில் தந்தை பெரியார் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, பள்ளிகொண்டாவில் இருந்து தினமும் போய் வரலாம். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் படிப்பு முடிகிற வரை உன் வங்கிக் கணக்குக்கு வரும், அது பி.எஸ்சி. எடுத்தாலும் இன்ஜினியரிங் எடுத்தாலும் வரும்.

வழி திறந்திருக்க வேண்டும் என்றால் இன்ஜினியரிங்கில் ஈ.சி.ஈ. (மின்னணு, தகவல் தொடர்பு) அல்லது ஈ.ஈ.ஈ. (மின்சாரம், மின்னணு) பார். நான் ஈ.ஈ.ஈ. ராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்துக்கு பாய்லரின் துணைக் கருவிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கிற ஒரு சின்ன யூனிட்டில் இருக்கிறேன். அனல் மின் நிலையத்துப் புகையில் இருந்து சாம்பலைப் பிடிக்கிற பெட்டி இருக்கிறதே, அதற்குள் தொங்குகிற தகடுகள் எங்கள் கையில்தான் போகிறது. என்னோடு படித்த ஐம்பது சொச்சம் பேரில் பாதிப் பேர் மென்பொருளில், சிலர் மின்வாரியத்தில், இரண்டு பேர் கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். போனார்கள், ஒருவன் குரூப் 1 படிக்கிறான். மின்சாரம் படித்தவன் கம்ப்யூட்டருக்குப் போக முடிந்தது. கம்ப்யூட்டர் மட்டும் படித்தவர் எங்கள் யூனிட்டில் பேனல் வயரிங் பார்க்க வர முடியவில்லை. ஓட்டேரி அக்கா சொன்ன ஏரி மதகு இங்கேயும் பொருந்தும்.

கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்கில் சி.எஸ்.ஈ. வித் அது, சி.எஸ்.ஈ. வித் இது என்று வருகிறதே, அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பதினேழு வயதில் அவ்வளவு குறுகலாகப் போக வேண்டாம். ஏ.ஐ. வேண்டுமா, அதற்குக் கீழே இருப்பது லீனியர் அல்ஜீப்ராவும் நிகழ்தகவும்தான், அது கணக்குப் படித்தாலும் வரும்.

இன்ஜினியரிங் நான்கு வருடம், பி.எஸ்சி. மூன்று வருடம், இந்த ஒரு வருட வித்தியாசத்தை வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். அம்மா இன்னும் எத்தனை வருடம் அந்த பஸ் ஏற முடியும் என்பதும் ஒரு கணக்குதான், தப்பாக நினைக்காதே.

குடியாத்தம் காமர்ஸ்

சுருக்கமாக. முதல் குரூப்காரர்களுக்கு பி.காம். என்றால் ஏதோ இரண்டாம் பட்சம் என்று நினைப்பு, அது தப்பு. நான் முதல் குரூப் படித்து பி.காம். வந்தவன். லுங்கி வியாபாரிகள், தீப்பெட்டி ஆபீஸ், தோல் கம்பெனி, ஜவுளிக்கடை, இந்த மாவட்டத்தில் எந்தத் தொழில் நடந்தாலும் கணக்கு எழுத ஆள் வேண்டும், ஜி.எஸ்.டி. தாக்கல் செய்ய ஆள் வேண்டும். வேலை இல்லாமல் உட்கார்ந்தது இல்லை.

அதே சமயம் தங்கை கேட்ட கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னால், பி.காமுக்கு மட்டும் திறக்கிற வாசல் கொஞ்சம்தான். ஆடிட்டர் படிப்பான சி.ஏ.வில் இரண்டாம் கட்டமான இன்டர்மீடியட்டுக்கு பி.காம். 55 சதவீதம் இருந்தால் நேரடியாகச் சேரலாம், மற்ற பட்டம் என்றால் 60 சதவீதம். ஆகவே கணிதம் படித்துவிட்டும் சி.ஏ. வரலாம், ஐந்து சதவீதம்தான் வித்தியாசம். உனக்கு எண்களும் பிடிக்கும் எழுத்தும் பிடிக்கும் என்றால் பொருளாதாரம் என்று ஒன்று இருக்கிறது, ஏன் யாரும் சொல்லவில்லை?

அப்புறம் ஒன்று, பிளஸ் டூவிலேயே உனக்குச் சில வாசல் திறந்தாகிவிட்டது. மத்திய அரசு வேலைக்கு எஸ்.எஸ்.சி. நடத்துகிற சி.ஜி.எல். தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அதிகாரி பதவிக்கு எந்தப் பட்டமும் போதும், பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் 60 சதவீதம் இருந்தால். உனக்கு 94 இருக்கிறது. எம்.சி.ஏ. சேரவும் பட்டத்தோடு பிளஸ் டூ கணிதமே போதும். ஆகவே கணிதம் எடுக்கவில்லை என்றால் எல்லாம் போய்விடும் என்று யாரும் பயமுறுத்தினால் பயப்படாதே.

பழைய வடாற்காடு

நான் ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர். வேலூரில் முப்பது வருடம் பிள்ளைகளைப் பார்த்தவன். எல்லோரும் நல்ல விவரம் சொல்லியிருக்கிறீர்கள். என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன்.

1888ல் திருத்தணியில் பிறந்த ஒரு பையன், அப்போது திருத்தணி வடாற்காட்டில்தான் இருந்தது, இங்கே நம் ஊரிஸ் கல்லூரியில் பட்டத்துக்கு முந்தைய எஃப்.ஏ. படித்தார், பிறகு சென்னை கிறிஸ்துவக் கல்லூரிக்குப் போனார். வீட்டில் பண வசதி இல்லை. அதே கல்லூரியில் படித்து முடித்த உறவினர் ஒருவர் தன் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்தார், புத்தகம் கையில் இருக்கிறது என்பதனாலேயே தத்துவம் எடுத்தார். அவர்தான் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். ஆக்ஸ்போர்டில் பேராசிரியர், பிறகு நாட்டின் குடியரசுத் தலைவர். தத்துவம் எடுத்தால் எல்லோரும் அங்கே போகலாம் என்று சொல்ல வரவில்லை கண்ணு. கிடைத்த பாடத்தை அவர் எவ்வளவு ஆழமாகப் பிடித்தார் என்பதைப் பார்.

நூலகத்தில் நான் பார்த்தது இதுதான். எந்த மேஜராக இருந்தாலும் அந்தப் பாடத்தைப் பிடித்துக்கொண்ட பிள்ளைகள் வேறு பக்கம் திரும்பும்போதும் சீக்கிரம் திரும்பினார்கள். விலங்கியல் படித்த ஒரு பெண், தினமும் மதிய இடைவேளையில் வந்து ஆங்கில நாளிதழின் ஒரு தலையங்கத்தை நோட்டில் எடுத்து எழுதுவாள், தெரியாத சொல்லுக்குப் பக்கத்திலேயே அகராதியைப் பார்த்துத் தமிழ் எழுதுவாள். மூன்று வருடத்தில் ஒன்பது நோட்டு. கடைசி நோட்டில் தமிழ் எழுதவே இடம் தேவைப்படவில்லை. வங்கித் தேர்வில் முதல் முறையே தேறினாள். நீயும் தமிழ் மீடியம், முதல் வருடம் ஆங்கிலப் பாடப் புத்தகம் மிரட்டும், அதற்கு இப்போதிருந்தே ஏதாவது செய்.

எழுதப் பிடிக்கும் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டாய், அதை ஒருவர்கூடச் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கு எடுத்தாலும் எழுதுவதை நிறுத்தாதே. கணக்குத் தெரிந்து தமிழில் தெளிவாக எழுதத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் ரொம்பக் குறைவு, நான் புத்தகம் வாங்கித் தேடித் தேடி அலைந்தவன், எனக்குத் தெரியும்.

ஓட்டேரி கணக்கு

ஐயா சொன்னதற்கு நன்றி. எழுத்தை நான் கவனிக்காமல் விட்டது உண்மைதான்.

சிப்காட் தம்பி சொன்ன 7.5 பற்றி எனக்கு முழு விவரம் தெரியாது, என் காலத்தில் இல்லை. அதைக் கட்டாயம் பார், தங்கச்சி. இரண்டுக்கும் விண்ணப்பித்து வைப்பதில் ஒன்றும் தப்பில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020ல் ஆரம்பித்த இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பு. ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு வேண்டாம், நான்கு வாரம் பாடம் கொடுத்து ஒரு தகுதித் தேர்வு வைப்பார்கள், அதில் தேறினால் சேரலாம். வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம், ஒரே நேரத்தில் இரண்டு படிப்புக்கு யு.ஜி.சி. 2022ல் அனுமதி கொடுத்துவிட்டது. குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. நடுவில் நிறுத்தினாலும் முடித்த அளவுக்குச் சான்றிதழ், டிப்ளமோ என்று கையில் வரும், உன் அம்மா சொன்ன "பாதியில மாட்டிக்கிற" பிரச்சினை அதில் குறைவு. ஆனால் முதல் வருடமே இரண்டையும் தூக்காதே. கல்லூரி ஒரு வருடம் போகட்டும், எப்சிலான் டெல்டா பிடிபடட்டும், அப்புறம்.

பள்ளிகொண்டா பொண்ணு

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அம்மாவுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். சிப்காட் அண்ணன் எழுதிய கடைசி வரியைப் படிக்கலாமா வேண்டாமா என்று இருந்தது, படித்துவிட்டேன். அம்மா "ஒரு வருசம்தானே, ஓட்டிடலாம்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று அம்மா அரை நாள் லீவு போட்டார், இருவரும் போய்க் கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்தோம். வாத்தியார் ஐயா சொன்ன மாதிரியே ஆபீஸில் கேட்டேன். கணிதத்துக்கு இணைத்தன்மை எல்லாம் எதற்கு, அது கணிதம்தானே என்று சிரித்தார்கள், அந்தப் பதில் எனக்கு நிம்மதியாக இருந்தது. இன்னொரு கல்லூரியில் ஒட்டுப் பெயர் படிப்பு ஒன்றுக்குக் கேட்டேன், அங்கே அரசாணை எண் சொல்லவில்லை, எழுந்து வந்துவிட்டோம்.

வெளியே வேப்பமரத்தடியில் இரண்டாம் வருட அக்கா ஒருவர் முதல் செமஸ்டர் வினாத்தாளை போனில் எடுக்கக் கொடுத்தார். ஒரு கேள்வி, இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறு எண் இல்லை என்று நிரூபி. அது பத்தாம் வகுப்பிலேயே கேள்விப்பட்டதுதான், ஆனால் ஏன் என்று யோசித்ததே இல்லை. பஸ்ஸில் வரும்போது டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி எழுதிப் பார்த்தேன். வரவில்லை. எரிச்சலும் வரவில்லை. விரிஞ்சிபுரம் தாண்டிய பிறகு பாதி வந்தது, அதை p/q என்ற பின்னமாக எடுத்துக்கொண்டால் p, q இரண்டும் இரட்டைப்படையாகிவிடுகிறது. வீட்டுக்கு வந்து முடித்துவிட்டேன், சரியா என்று தெரியவில்லை, படம் எடுத்துக் கீழே போட்டிருக்கிறேன், அக்கா பார்த்துச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு முடிவு இது. இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கு 7.5ல் பதிந்துவிட்டேன், பாகாயம் அரசுக் கல்லூரியில் ஈ.சி.ஈ., ஈ.ஈ.ஈ. இரண்டில் ஒன்று கிடைத்தால் யோசிப்பேன், வேறு எங்கேயும் வேண்டாம். அது இல்லை என்றால் ஓட்டேரியில் கணிதம். உண்மையைச் சொன்னால் கணிதம் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. கலைக் கல்லூரி விண்ணப்பத்தில் முதல் விருப்பம் கணிதம், இரண்டாவது இயற்பியல், மூன்றாவது பொருளாதாரம் போட்டிருக்கிறேன். மாமாவிடம் நைனா பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

ஒரு உதவி. முதல் வருடப் புத்தகங்கள் யாரிடமாவது பழையது இருந்தால் சொல்லுங்கள், பாதி விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்.

ஓட்டேரி கணக்கு

நிரூபணம் சரி. ஒரே ஒரு இடம், p, q இரண்டுக்கும் பொதுக் காரணி இல்லை என்று முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். அதை எழுதாவிட்டால் கடைசியில் முரண்பாடு எங்கேயிருந்து வருகிறது என்று தெரியாது. அந்த ஒரு வரியைச் சேர்த்து மறுபடி எழுது.

புத்தகத்துக்கு விலை எல்லாம் வேண்டாம். கால்குலஸ், அல்ஜீப்ரா, திரிகோணமிதி மூன்றும் அம்மா வீட்டுப் பரண் மேல் இருக்கிறது, ஓரத்தில் நான் தமிழில் எழுதிய குறிப்பும் அப்படியே இருக்கும், அட்டை மட்டும் கொஞ்சம் கிழிந்திருக்கும். வரும் சனிக்கிழமை எடுத்து வருகிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்ட் வா, நேரில் பேசலாம்.